வாப்பாவின் மருமகன்

உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் போதிய புள்ளி கிடைக்காத பெண் பிள்ளைகள், எங்கள் சாய்ந்தமருதில் அந்த நாட்களில் ஒன்று தையல் பழகுவார்கள், அல்லது ஏதாவது பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகச் சேருவார்கள். எனக்கும் புள்ளி போதவில்லை. நான் மட்டும் சட்டம் படிக்கக் கிளம்பினேன். அந்த யோசனை என்னுடையதல்ல, வாப்பாவுடையது.

கல்முனையில் படித்தவர்கள் சிலர் கூடி, ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் சிறிய கல்லூரி ஒன்றை நடத்தினார்கள். கணக்கியல், தட்டெழுத்து, ஆங்கிலம் என்று வகுப்புகள். அந்த வருடம் கொழும்புச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கு ஆட்களைத் தயார்படுத்தும் சட்ட முன்பயிற்சி வகுப்பும் தொடங்கியது. வாப்பா எங்கோ கேள்விப்பட்டு வந்து, சோறு போட்டுக்கொண்டிருந்த உம்மாவிடம், மகள் அப்புக்காத்தாகப் போகிறாள் என்றார். உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா. எங்கள் குடும்பத்தில் சட்டத்தரணி என்ற சொல் யாருக்கும் பொருந்தியதில்லை.

வாப்பா விவசாயி. சம்மாந்துறைப் பக்கம் எங்களுக்கு வயல் இருந்தது. விதைப்பும் அறுவடையும் இல்லாத நாட்களில் வெள்ளைச் சாரன் உடுத்தி, குடையை சைக்கிளில் கொளுவிக்கொண்டு காலையிலேயே கல்முனைக்குப் போய்விடுவார். எங்கே என்று கேட்டால் கோட்டில் அலுவல் என்பார். கோடு என்றால் நீதிமன்றம். உம்மா அக்கம்பக்கத்தாரிடம், பாவப்பட்ட சனத்துக்கு உதவி செய்யப் போகிறார் என்று சொல்வா. நானும் அதை நம்பினேன். ரோட்டில் யார் யாரோ அவருக்கு சலாம் சொல்வதைக் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரைக்கூட எங்கள் ஊரில் பார்த்ததில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

வகுப்பு சனியும் ஞாயிறும் காலையில். படிப்பித்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு சட்டத்தரணி. காலம் நல்ல காலம் அல்ல. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் சந்தேகம் முள்ளுக்கம்பிபோல் கிடந்தது. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல் ஒவ்வொரு கிழமையும் மோட்டார் சைக்கிளில் வந்தார். சேர் என்றுதான் கூப்பிட்டோம். பெண் பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர் யன்னலோர வாங்கில் இருந்தோம்.

ஒருநாள் பிணையைப் பற்றிப் படிப்பித்தார். சந்தேக நபர் வழக்குத் தவணைக்குத் தவறாமல் வருவார் என்று இன்னொருவர் பொறுப்பெடுப்பதுதான் சரீரப் பிணை. அப்படிப் பொறுப்பெடுக்கிறவர் அந்த ஆளை நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிறகு சேர் புத்தகத்தை மூடிவிட்டு, சிலர் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள் என்றார். கோட்டு வாசல் வாகை மரத்தடியில், மீன் வரும்வரை கொக்கு நிற்பதுபோல நிற்பார்களாம். முன்பின் கண்டிராத ஆளுக்கு, இவர் என் சித்தப்பா, இவர் என் மச்சான் என்று கூசாமல் சொல்வார்களாம். ஒருவர் ஒரே கிழமையில் மூன்று பேருக்குத் தம்பியானதையும் சொன்னார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த கிழமை ஒரு வேலைநாளில், வழக்கு நடப்பதைப் பார்க்க எங்களைக் கோட்டுக்குக் கூட்டிப்போனார். வழமையாக வாப்பா போகும் இடத்துக்கு நானும் போகிறேன் என்ற சந்தோசம் எனக்கு இருந்தது. வீட்டில் முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கே திடீரென்று கண்டால் வாப்பா எப்படி மகிழ்வார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பின்வரிசையில் எங்களை இருத்தினார்கள். சில வழக்குகள் தவணை போட்டு முடிந்தன. பிறகு அனுமதியில்லாமல் காட்டு மரம் ஏற்றியதாக ஒரு வழக்கைக் கூப்பிட்டார்கள். கூண்டில் நின்றவன் மெலிந்த இளைஞன், தூரத்து ஊர்க்காரன். நீதவான் சரீரப் பிணை கொடுத்தார். பிணையாளியைக் கூப்பிட்டதும் வாப்பா குடையை வாசலில் சாத்திவிட்டு வந்து ஏறினார்.

கோட்டு அலுவலரான முதலியார் சத்தியம் செய்வித்தார். வாப்பா அதைத் தடுமாறாமல் சொன்னார்.

"சந்தேக நபர் உமக்கு என்ன முறை?" என்று நீதவான் கேட்டார்.

"மருமகன், ஐயா."

"எந்த வழியில் மருமகன்?"

"எண்ட மகள்ட மாப்பிள்ள ஐயா. எங்கட ஊட்டதான் இரிக்கார்."

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வெளியூர் ஆளுக்கு உள்ளூர் விலாசம் கொடுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. நீதவான் தலையை ஆட்டி எழுதினார். வாப்பா வயல் உறுதிப் பத்திரத்தைக் காட்டி, ஒப்பம் வைத்து இறங்கினார். இறங்கும்போதுதான் பின்வரிசையைப் பார்த்தார். சந்தைச் சனத்துக்கு நடுவில் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வாப்பாவுக்கு மகள் நான் ஒருத்திதான். வகுப்பில் பலருக்கு அது தெரியும். பக்கத்தில் இருந்த மருதமுனைப் பிள்ளை என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. முன்னால் இருந்த பெடியன்களின் முதுகுகள் குலுங்கின. சேர் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. வாகை மரத்துக் கதையைச் சொல்லும்போது அவர் யாரையெல்லாம் மனதில் வைத்திருந்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது. நான் யாருடைய மகள் என்பது அவருக்கு அன்றுவரை தெரிந்திருக்கவில்லை என்றும் அவருடைய முகம் சொன்னது.

அன்றைக்குப் பின்னேரம் வாப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றபோது நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். உம்மா அடுப்படியில் இருந்தா.

"கண்டன் மகள்," என்றார் வாப்பா, நான் கேட்பதற்கு முன்னமே.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் வாளித் தண்ணீரை மற்றக் காலிலும் ஊற்றினார். என் படிப்புக்காக என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

"பழகிட்டு மகள்," என்றார். "சொல்லக்குள்ள பொய் சொல்றாப்போலயே இரிக்கிறல்ல."

அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் என்னை நேரடியாகக் கேலி செய்யவில்லை. தபாற் கந்தோரில் வேலை செய்துகொண்டு படித்த ஒருவர் மட்டும், ஒருநாள் படியிறங்கும்போது, மாப்பிள்ளை சுகமா என்று மெதுவாகக் கேட்டார். நான் கேட்காததுபோல் இறங்கினேன். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் பொய்ச் சாட்சியம் என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இருப்பதுபோல் தெரிந்தது. இருந்தும் வகுப்பை விடவில்லை. விட்டால், ஏன் விட்டாய் என்று உம்மா கேட்பா. அவவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் பொலிஸ் வந்தது. நடுப்பகல். வாப்பா வயலில் இருந்தார். ஜீப்பைக் கண்டதும் பக்கத்து வளவுப் பெண்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். சார்ஜன் ஒருவர் வாசலில் நின்று, மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். எந்த மாப்பிள்ளை என்று உம்மா கேட்டா. சார்ஜன் கடுதாசியைப் பார்த்து அந்த இளைஞனுடைய பெயரை வாசித்தார். இரண்டு தவணையாகக் கோட்டுக்கு வரவில்லை, பிடியாணை இருக்கிறது, இந்த விலாசம்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே பொண்சாதி? புருசன் எங்க?"

உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டா. நான் என்ன சொன்னாலும் ஒருவரைக் காட்டிக்கொடுத்தாக வேண்டும். இல்லை என்றால் வாப்பா பொய்ச் சத்தியம் செய்தவர். வெளியூர் போயிருக்கிறார் என்றால் நான் கண்டிராத ஒருவனுக்குப் பெண்சாதி. வேலிக்கு அப்பால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். 

"எனக்குக் கலியாணம் ஆகல்ல," என்றேன்.

சார்ஜன் கடுதாசியை மடித்தார். அவருக்கு விளங்கிவிட்டது. வாப்பாவைத் தவணைக்குக் கோட்டுக்கு வரச்சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜீப் போன பிறகு உம்மா வாசல் கதவைச் சாத்தினா. உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டா. அந்த நாட்களில் நிந்தவூரிலிருந்து எனக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்துகொண்டிருந்தது. அது அத்தோடு நின்றது. யாரும் வந்து வேண்டாம் என்று சொல்லவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

வாப்பாவுக்காகக் கோட்டில் கதைக்கும்படி கேட்க சேரிடம் போனேன். கல்லூரி மாடியில், வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின். அவர் கேட்டுவிட்டு, நான் வருகிறேன், ஆனால் அவர் இனியொரு பொய் சொன்னால் வழக்கை விட்டுவிடுவேன் என்றார். வீட்டுக்கு வந்து அதை வாப்பாவிடம் சொன்னேன். சரி என்றார். என்னிடமிருந்து வேறு ஏதோ கேட்க விரும்பியவர்போல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

தவணையன்று உம்மாவும் நானும் போனோம். ஓடிப்போன ஆளுடைய பிணையாளி என்ற முறையில் வாப்பாவைக் கூப்பிட்டார்கள். மருமகன் எங்கே என்று நீதவான் கேட்டார். வாப்பா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மருமகன் இல்ல ஐயா. எண்ட மகளுக்கு இன்னும் கலியாணமே முடிக்கல்ல."

கோடு சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை. மகள் வந்திருக்கிறாளா என்று கேட்டார். நான் எழும்பினேன். என்ன செய்கிறீர் என்று கேட்டார். பொய் சொல்ல நினைத்திருந்தால்கூட வேறு பதில் வாயில் வந்திருக்காது.

"சட்ட முன்பயிற்சி வகுப்பில படிக்கிறன்," என்றேன்.

முதல் தடவை சிரித்தவர்கள் இப்போது சத்தமாகவே சிரித்தார்கள். சட்டத்தரணிகளின் மேசையிலும் இரண்டொருவர் குனிந்தார்கள். முதலியார் அமைதி, அமைதி என்று கத்தினார்.  உம்மா என் பர்தாவின் ஓரத்தைப் பிடித்து இழுத்து என்னை இருத்தினா. சேர் எழும்பி வாப்பா உண்மையை ஒப்புக்கொண்டதைச் சொல்லி மன்றாடினார். ஆனாலும் சத்தியத்தின்மேல் சொன்ன பொய்யை விட்டுவிட முடியாது என்று நீதவான் சொல்லி, வாப்பாவை விளக்கமறியலில் வைக்க உத்தரவிட்டார்.

மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். உம்மா மாமாவோடு பஸ்ஸில் போய், சோதனைச் சாவடி சாவடியாக இறங்கி ஏறி, ஒருதரம் பார்த்துவிட்டு வந்தா. மாமா உம்மாவின் தம்பி. நான் போகவில்லை. போனால் என்ன கதைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த தவணையில் வாப்பாவுக்குப் பிணை கிடைத்தது. இரண்டு பேர் சரீரப் பிணை. மாமா ஒருவர். மற்றவருக்கு நாங்கள் ஊர் முழுக்க நடந்திருந்தோம். வாப்பாவின் கூடப்பிறந்தவரே வரமாட்டேன் என்றார். அவருடைய பிள்ளைகளுக்கும் கலியாணம் பேசுகிறார்களாம். இன்னொருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் பார்த்து அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டார். கோட்டு வாசலில் உம்மாவும் நானும் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது வாகை மரத்தடியிலிருந்து ஒருவர் வந்தார். தாடியும் வெற்றிலை வாயுமாக ஒரு பெரியவர். வாப்பாவோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார், நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். வயல் கூட்டாளி என்று நான் நினைத்திருந்தேன்.

"நான் அவருக்குத் தம்பி எண்டு சொல்றன் புள்ள," என்றார். "ஒண்டும் கேக்கமாட்டாங்க. நீங்க யோசிக்காதீங்க."

ஏமாற்றுக்காரரின் முகம் அல்ல அது. கூட்டாளியை வெளியே எடுக்க வந்த முகம். உம்மா என்னைத்தான் பார்த்தா. எங்கள் வீட்டில் சட்டம் தெரிந்தவள் நான்தானே.

"வேணாம் காக்கா," என்றேன். "இதுக்குத்தானே வாப்பா உள்ள போனார்."

அவர் கோபிக்கவில்லை. சரி புள்ள என்று சொல்லிவிட்டு மரத்தடிக்கே போனார். பின்னேரம் சிறைச்சாலை வண்டி வாப்பாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. வலை அடித்த யன்னலால் அவர் எங்களைத் தேடினார். நான் சொன்னது சரி. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியைச் சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போல அந்த வாசலில் எனக்கு வெட்கமாக இருந்தது. வாப்பா அன்றிரவு எங்கே படுப்பார் என்பதை நான் தீர்மானித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து உம்மா என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அசருக்குப் பிறகு, தொழுத பாயைச் சுருட்டாமல் அதிலேயே இருந்துகொண்டு சொன்னா:

"ஊடும் உண்ட பேரில. நியாயமும் உண்ட பக்கம். அந்த மனிசனுக்கு என்ன இரிக்கி?"

அழுதபடி சொன்ன சொல்தான். எனக்கு அழுகை வரவில்லை, வேறொன்று வந்தது. எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான். பெரும்பாலும் கலியாணத்தோடு எழுதுவார்கள். வாப்பா உறுதிகளை நம்பும் ஆள். எனக்கு இருபத்தொரு வயது முடிந்ததும், மாப்பிள்ளை வரும்வரை காத்திருக்காமல் எழுதி வைத்துவிட்டார். பிணையாளிக்கு வயதும் சொத்தும் வேண்டும். ஆளைத் தெரிந்திருக்கவும் வேண்டும். எல்லாம் என்னிடம் இருந்தன. ஊர் முழுக்க இன்னொருவரைத் தேடித் திரிந்தபோது எனக்கோ மாமாவுக்கோ இது தோன்றவே இல்லை. இருபத்திரண்டு வயதுக் குமரொன்று கூண்டில் ஏறும் என்று யார் நினைப்பார்கள்.

உம்மா முதலில் சம்மதிக்கவில்லை. இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் கேட்டபின் வீட்டு உறுதியை எடுத்துத் தந்தா. சேர் மனுப்போட்டு வழக்கைக் கூப்பிடுவித்தார். மாமா ஏறி இறங்கினார். பிறகு நான் ஏறினேன். வாப்பா ஏறிய அதே படி. மரம் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. முதலியார் சத்தியம் சொல்லித் தந்தார். நான் தடுமாறினேன். ஒரு சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"சந்தேக நபர் உமக்கு என்ன முறை?"

"வாப்பா," என்றேன். பிறகு கோட்டுத் தமிழ் ஞாபகம் வந்து, "தகப்பன்" என்று திருத்தினேன்.

"எவ்வளவு காலமாக இவரைத் தெரியும்?"

எல்லாப் பிணையாளியிடமும் கேட்கிற கேள்விதான். முதலியார் யோசிக்காமல் கேட்டுவிட்டார். நீதவான் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, தேவையில்லை, எழுதும் என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று தோன்றியது. வாப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முகத்தில் தாடி கண்டபடி வளர்ந்திருந்தது. தவணை தவறாமல் வருவார், ஓடி ஒளிக்கமாட்டார் என்று என் வாப்பாவுக்காக நான் ஒப்பம் வைத்தேன். உண்மையைச் சொல்லி அவரை வெளியே எடுக்கிறேன், பெருமையாக இருக்கும் என்று எண்ணி வந்திருந்தேன். பேனையைப் பிடித்தபோது, தகப்பனுக்கு மகள் செய்யக் கூடாத எதையோ செய்வதுபோல் இருந்தது.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். உம்மாவும் மாமாவும் முன்னால். வாப்பா எனக்குக் கொஞ்சம் பின்னால் வந்தார். நான் மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக நடந்தார். பக்கத்தில் வரவே இல்லை.

வழக்கு தண்டப்பணத்தோடு முடிந்தது. வயலில் ஒரு துண்டை ஈடு வைத்தோம். ஓடிப்போனவனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. நான் வகுப்புக்குத் திரும்பிப் போனேன். மருதமுனைப் பிள்ளை விடுபட்ட பாடங்களை எனக்குச் சொல்லித் தந்தாள். கொழும்புக்குப் போய் நுழைவுப் பரீட்சை எழுதினேன். தெரிவாகவில்லை. திரும்ப எழுதும்படி சேர் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு எழுதவில்லை. தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பரீட்சை கடினம் என்று வீட்டில் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

வாப்பா அதற்குப் பிறகு கோட்டுப் பக்கம் போகவில்லை. வயல் வாடிக் குடிசையிலேயே கூடுதலாக இருந்தார். சில இரவுகள் அங்கேயே தங்கினார். பாடசாலை இல்லாத ஒரு சனிக்கிழமை உம்மா சோறு கட்டித் தந்து என்னை அனுப்பினா. வாடியில் அவர் தனியாக இருந்தார். கைகழுவிவிட்டுச் சாப்பிட்டார். படிப்பைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ கேட்கவில்லை. மேல்வயல்காரர்கள் வாய்க்காலை மறித்துவிடுகிறார்கள், கடைசித் துண்டுக்குத் தண்ணீர் வருவதில்லை என்று சொன்னார். எந்த இடத்தில் மறிக்கிறார்கள், எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை, வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானையாரிடம் முறையிட்டால் என்ன நடக்கும் என்று விரிவாகச் சொல்லிக்கொண்டு போனார். அவ்வளவு நாட்களில் அவர் என்னோடு அவ்வளவு நேரம் கதைத்தது அன்றுதான். நான் சோற்றுப் பார்சல் கட்டிய வாழையிலையைப் பார்த்தபடி, ஓம் வாப்பா, ஓம் வாப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.